கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி சந்தேகம்: லாப்ரடாருக்கு எம்ஆர்ஐ, ரத்தம் தேவை

சென்னை நண்பர்களே, அவசர உதவி. 9 வயது பெண் லாப்ரடார், 28 கிலோ, வேப்பேரி பக்கம் இருக்கிறாள். கழுத்தைத் தொட்டால் கத்துகிறாள். வலது முன்கால் நொண்டி, தோள்பட்டைச் சதை வற்றி எலும்பு கையில் தட்டுப்படுகிறது. பின்காலின் பாதத்தைப் புரட்டி வைத்தால் உடனே திருப்புவதில்லை.

எக்ஸ்ரே சுத்தம். அதை நம்பி விட்டுவிட முடியாது. கட்டி எலும்பை அரித்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும், தண்டுவடமும் நரம்பும் தெரியாது. டிஸ்க் பிரச்சினையாகவும் இருக்கலாம்தான். ஆனால் ஒரே காலில் சதை வற்றி மெல்ல மோசமாவதால் நரம்புறைக் கட்டி என்றே முதல் சந்தேகம்.

முதல் தேவை, நாய்க்கு மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ எடுக்கும் இடம். கழுத்தோடு நிறுத்தாமல் வலது அக்குள் நரம்புப் பின்னல் வரை, கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தில் கட்டி தெளிவாகத் தெரிய ஏற்றுவது) கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். அக்குளை விட்டால் கட்டியின் வேர் தப்பிவிடும்.

அறுவை சிகிச்சை என்றால் ரத்தம் வேண்டும். கழுத்தெலும்புக்குள் இருக்கும் சிரைகள் கிழிந்தால் நிறுத்துவது கஷ்டம். 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 8 வயதுக்குள், தடுப்பூசி போட்ட நாய் இருந்தால் சொல்லுங்கள். சுமார் 450 மிலி எடுப்பார்கள். நம்ம ஊர் உண்ணிக் காய்ச்சலுக்காக எர்லிகியா, பபீசியா டெஸ்ட் கட்டாயம்; செலவு எங்களுடையது.

இப்போது நரம்பு வலிக்கு காபாபென்டின் 300 மிகி, 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. கழுத்துப் பட்டை கழற்றி மார்புப் பட்டை. டாக்டர் சொன்னபடி ஸ்டீராய்டு நிறுத்தி வைத்திருக்கிறோம்: கட்டி லிம்ஃபோமாவாக (நிணநீர்ப் புற்றுநோய்) இருந்தால் ஸ்டீராய்டில் சுருங்கி, சாம்பிளில் சிக்காமல் போகலாம். மெலாக்சிகாம் என்ற வலி மருந்தோடு ஸ்டீராய்டு சேர்ந்தால் வயிற்றிலும் புண் வரலாம்.

தண்டுவட அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவர் தெரிந்தாலும் இன்றே சொல்லுங்கள். நான்கு காலும் விழுந்துவிட்டால் மூச்சுத் தசையும் பாதிக்கப்படலாம்.