ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தெம்பனிஸில் வசிக்கிறோம். என் மகளுக்கு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் முதுகலை இடம் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. எனக்கோ இரவில் தூக்கமில்லை.

இங்கே போராட்டம் நடத்த இடம் தரப்பட்டிருக்கும் ஹோங் லிம் பூங்கா பேச்சாளர் முனையைத் தாண்டி ஒரு போராட்டத்தை அவள் நேரில் கண்டதில்லை. அங்கோ மாணவர் சங்கத் தேர்தலை மாணவர்களே நடத்துகிறார்கள். தலைவர் பதவிக்கு நிற்பவர்கள் நள்ளிரவு தாண்டியும் மேடையில் விவாதிக்கிறார்கள். இடதுசாரி அமைப்புகள், வலதுசாரி மாணவர் அமைப்பான ஏபிவிபி, அம்பேத்கரியம் பேசும் பாப்சா என்று பல அணிகள். இதையெல்லாம் அவள் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். ஆனால் 2020 ஜனவரி 5 அன்று முகமூடி அணிந்தவர்கள் வளாகத்துக்குள்ளும் விடுதிக்குள்ளும் புகுந்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் அடித்த காட்சிகள் மனதை விட்டு அகலவில்லை.

அங்கே படித்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள். எந்த அணியிலும் சேராத மாணவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒதுங்கி நின்றால் நட்பு கிடைக்குமா? வகுப்புகள் அடிக்கடி தடைபடுமா? கங்கா, கோதாவரி என்று நதிகளின் பெயர் கொண்ட அந்த விடுதிகளில் இந்தி தெரியாத தமிழ்ப் பெண் எப்படிச் சமாளிப்பாள்? வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள் ஊர்வலத்தில் கலந்துகொண்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை மிகவும் வாட்டுகிறது. அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள். அவளும் உங்கள் பதில்களைப் படிப்பாள்.