ஹிப் ஹாப் ஜமைக்காச் சரக்கா?

ஸ்காபரோவாசி:
வேலையிடத்தில ஒரு ஜமைக்காக்காரர் இருக்கிறார். சாப்பாட்டு நேரம் வந்தாலே "ஹிப் ஹாப் எங்கட ஆள் தொடக்கினது" எண்டு துவங்கிடுவார். நியூயார்க்கில வளந்த இன்னொருத்தன், "அது கறுப்பு அமெரிக்கர்ட சொத்து, வேற ஆருக்கும் பங்கில்லை" எண்டு சண்டைக்கு வாறான். பழைய ரெக்கோர்ட் சேர்க்கிற ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ, ஆர் சரி?

ரெக்கார்டுப்பெட்டி:
ரெண்டு பேரும் பாதிதான் சொல்றாங்க. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கோட பிராங்ஸ் பகுதி, 1520 செட்ஜ்விக் அவென்யூ. பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, புதுத் துணி எடுக்கணும்னு சிண்டி கேம்பல் ஒரு பார்ட்டி வெச்சாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50. பாட்டுப் போட்டது அண்ணன் கிளைவ், அதாவது கூல் ஹெர்க். ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல பிறந்து 12 வயசுல பிராங்ஸ் வந்தவர். நெஞ்சு அதிர்ற ஸ்பீக்கர், மைக்ல எக்கோ, இதெல்லாம் சந்தேகமே இல்லாம ஜமைக்கா 'சவுண்ட் சிஸ்டம்' பழக்கம், அதாவது பெரிய ஸ்பீக்கர் வெச்சுப் பாட்டுப் போட்டு ஆட வைக்கிறது.

ஆனா தட்டுல சுத்தினது என்ன? கறுப்பு அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன். ஜமைக்காவோட ரெக்கே பாட்டு போட்டா அங்க எடுபடலைன்னு ஹெர்க்கே சொல்லியிருக்கார். ராப்புக்கும் ஜமைக்கா 'டோஸ்டிங்'குக்கும் (பாட்டு ஓடறப்போ டிஜே மைக்ல பேசறது) சம்பந்தமில்ல, ஜேம்ஸ் பிரவுனும் 'ஹஸ்ட்லர்ஸ் கன்வென்ஷன்'ங்கிற கறுப்பு அமெரிக்கக் கவிதை ஆல்பமும்தான் தூண்டுதல்னும் ஒரு பழைய பேட்டியில சொன்னார். உங்க ஜமைக்காக்காரர்கிட்ட இதை மெதுவா சொல்லுங்க!

ஹெர்க் செஞ்ச புதுசு வேற. பாட்டு நடுவுல டிரம்ஸ் மட்டும் வர்ற துண்டுக்குத்தான் கூட்டம் ஆடுதுன்னு கவனிச்சு, ஒரே ரெக்கார்ட் ரெண்டு காப்பி வெச்சு அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினார். அதுல பேர் வாங்கினது 'அபாச்சி'ங்கிற பாட்டு. மெட்டு ஒரு இங்கிலாந்துக்காரர் போட்டது, பாங்கோ வாசிச்சவர் பஹாமாஸ்காரர், டிரம்ஸ் ஒரு வெள்ளைக்கார அமெரிக்கர். இதுல யார் சொத்துன்னு பட்டா போடுவீங்க?

தெருமுனை:
ஹெர்க்கோட நிறுத்தாதீங்க. இன்னொரு ஆரம்பகால டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பார்படாஸ்ல பிறந்தவர். கோல்ட் கிரஷ் பிரதர்ஸ்ங்கிற ராப் குழுவுல டிஜே சார்லி சேஸ் புவெர்த்தோ ரிக்கோ குடும்பம். நியூயார்க் ஹார்லெம் டிஸ்கோவுல டிஜே ஹாலிவுட் எதுகை போட்டுக் கூட்டத்தைப் பாட வெச்சதை யாரும் பேசறதே இல்ல. மாலி, செனகல் கிரியோ பாணர்கள்தான் மூலம்னும் சிலர் சொல்றாங்களே?

ரெக்கார்டுப்பெட்டி:
ஹாலிவுட் விஷயம் சரி, நான் விட்டிருக்கக் கூடாது. கிரியோ எனக்கு ரொம்பத் தூரம். ஜாக்கோ ஹெண்டர்சன் மாதிரி கறுப்பு அமெரிக்க ரேடியோ டிஜேக்கள் 50கள்லயே எதுகையா பேசினாங்க. அந்த மாதிரி ஒலிபரப்பைக் கேட்டுத்தான் ஜமைக்கா டோஸ்டிங்கே வளர்ந்தது. அமெரிக்கச் சரக்கு கிங்ஸ்டன் போய், ஸ்பீக்கரோட பிராங்ஸ் திரும்பிச்சு. என்னைக் கேட்டா, பிறந்த ஊர் பிராங்ஸ். அதுக்கு மேல கேட்காதீங்க.

ஸ்காபரோவாசி:
ரேடியோக் கதையை நாளைக்கே அவரிட்டக் கேக்கிறன். 'அபாச்சி'யை மட்டும் சொல்லமாட்டன். எங்கட இடத்தில இங்கிலாந்துக்காரர் ஒருத்தரும் இருக்கிறார், பிறகு அவரும் பங்கு கேட்டு வந்திடுவார்.