மினி கூப்பர் எஸ், ஆட்டோகிராஸ்: 16 இன்ச்சா 17 இன்ச்சா?

சோழவரம்_சீனியர்:
கோன் வச்ச பாதையில ஒவ்வொரு காரா டைம் எடுத்து ஓட்டற ஆட்டோகிராஸ் பத்தி பக்கத்து த்ரெட்ல ஒருத்தர் அடிச்சு விட்டிருக்காரு, "ஆட்டோகிராஸ்ல டைம் வேணும்னா 17 இன்ச் தான், 16 எல்லாம் டாக்ஸி சைஸ்"னு. படிச்சதுலேர்ந்து பத்திக்கிட்டு வருது. அவர் வண்டி ஆர்56 (அந்தத் தலைமுறை மாடலோட கோடு) மினி கூப்பர் எஸ். 205/45 ஆர்17, அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், சைட்வால் (டயரோட பக்கச் சுவர்) உயரம் அந்த அகலத்துல 45 சதவீதம், ரிம் விட்டம் 17 இன்ச். இதைப் போட்டா டயரோட மொத்த உயரம் 616 மில்லிமீட்டர், 205/50 ஆர்16 போட்டா 611. அகலம் ரெண்டுக்கும் அதே 205 தான். அப்புறம் ஒரு இன்ச் ஏத்தி என்னத்த சாதிச்சீங்க? ஒரே மாதிரி வார்த்த ரிம்மா இருந்தா 17 தான் கனம், அந்தக் கனமும் வெளி ஓரத்துல போய் உக்காருது, கோன் நடுவுல செகண்ட் கியர்லயே ஏறி இறங்குற வண்டி அதைச் சுத்தவும் வைக்கணும் நிறுத்தவும் செய்யணும். 16 தான். முடிஞ்சுது.

அண்ணாநகர்_கூப்பர்:
அந்த "ஒருத்தர்" நான் தான் சார், பேரைச் சொல்லியே திட்டலாம். 16 வாங்கிக்கிட்டு ஜிபி ரோடு போய் டயர் கேட்டுப் பாருங்க. 195/55 ஆர்16 கடைக்குக் கடை இருக்கு, ஏன்னா அது பலேனோ சைஸ், ஐ20 சைஸ். எல்லாம் மைலேஜுக்குப் பண்ண டயர். நீங்க சொல்ற 205/50 ஆர்16ல நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் எத்தனை கடையில ஸ்டாக் இருக்குன்னு விசாரிச்சுட்டு வந்து பேசுங்க. 17ல தான் சாய்ஸ் இருக்கு. சைட்வால் குட்டையா இருக்கறதால ஸ்டீயரிங் திருப்பின உடனே மூக்கு உள்ள போகும். 17 தான்.

மண்ரோடு_மணி:
மொதல்ல எந்த ஆட்டோகிராஸைப் பத்திப் பேசறீங்க? நம்மூர்ல ஆட்டோகிராஸ்னா பல எடத்துல மண் தரை. மண்ணுன்னா கதையே வேற, சைட்வால் உயரமா வேணும். தார்ல கோன் வச்சு ஓட்டறதுக்கும் அதே பேர் சொல்லிட்டு சண்டை போடறீங்க.

சோழவரம்_சீனியர்:
மணி, அது அப்புறம். கூப்பர் தம்பி, கடையில இல்லேன்னா ஆர்டர் பண்ணு. கடைக்காரன் கிட்ட இருக்கற சைஸுக்கு வண்டியை மாத்துவியா? 1980கள்ல சோழவரம் ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்தப்போ டயருக்கு நாயா அலைஞ்சிருக்கோம். அப்போ ஒரு பய "சாய்ஸ் இல்ல"ன்னு பெரிய ரிம் போட்டுக்கிட்டு வரல. 16.

கலிபோர்னியா_மாப்ள:
இங்க அமெரிக்காவுல ஆட்டோகிராஸ் நடத்தற எஸ்சிசிஏ கிளப்போட ஸ்ட்ரீட் பிரிவுல ரிம் விட்டம் ஒரு இன்ச் கூடக் குறைய வச்சுக்கலாம், அகலம் மட்டும் கம்பெனி கொடுத்ததா இருக்கணும். டயர் ட்ரெட்வேர் (எவ்வளவு மெதுவா தேயும்னு காட்டற எண்) 200க்குக் கீழ போகக் கூடாது. அதனால இங்க எல்லாரும் ரிம்மை விட டயரைத் தான் பாப்பாங்க, யோகோஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் மாதிரி. நீங்க இன்ச்சுக்கு அடிச்சுக்கறீங்க.

அண்ணாநகர்_கூப்பர்:
மாப்ள, உங்க ரூல்புக்கை அங்கயே வச்சுக்கோங்க. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு நான் அதே டயர்ல பூந்தமல்லி ரோட்ல ஓட்டிக்கிட்டுப் போகணும், திரும்பவும் வரணும். டிரெய்லர்ல ஏத்திட்டுப் போற ஆள் நான் இல்ல.

சோழவரம்_சீனியர்:
பூந்தமல்லி ரோட்ல போற ஆளுக்கு 45 சைட்வால்! ஒரே பள்ளம், ரிம் ஓரம் மடங்கிடும். உன் வாயாலயே 16ன்னு சொல்லிட்ட.

அண்ணாநகர்_கூப்பர்:
நான் எங்க சொன்னேன்? சார், நீங்க சோழவரத்துல ஓட்டினீங்களா, இல்ல வேலிக்கு வெளிய நின்னு பாத்தீங்களா?

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
ரெண்டு பேரும் காசை வீணாக்காதீங்க. ஹோண்டா சிட்டி 16 இன்ச் அலாய் பழசு எடுத்து மாட்டுங்க. 4க்கு 100 (நாலு போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டத்துல), நடு ஓட்டை 56.1 மில்லிமீட்டர், மினிக்கும் அதே அளவு.

சோழவரம்_சீனியர்:
ஸ்பேனர், ஆள் உயிரோட விளையாடாத. ஹோண்டா கம்பெனி ரிம்ல நட் உக்கார்ற குழி உருண்டையா இருக்கும், மினி போல்ட்டோட தலை கூம்பு. உருண்டைக் குழியில கூம்பு முழுசா உக்காராது, ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டு நிக்கும், டார்க் ரெஞ்ச் வச்சு சரியான அளவுக்கு முறுக்கினாலும் ஓட ஓட லூஸ் ஆகும். ஓட்டை அளவு பொருந்திட்டா ரிம் பொருந்திடுச்சுன்னு எவன் சொன்னான்?

புதுப்பேட்டை_ஸ்பேனர்:
நான் மாட்டிக் கொடுத்த வண்டி இன்னும் ஓடுது. எனக்குத் தொழில் கத்துத் தர வேணாம். போன வருஷம் என் சஸ்பென்ஷன் போஸ்ட்லயும் நீங்க தான் வந்து கெடுத்தீங்க.

சோழவரம்_சீனியர்:
அந்த போஸ்ட்லயும் நீ எழுதினது தப்பு, அதான் வந்தேன்.

அண்ணாநகர்_கூப்பர்:
அப்போ சூட்டைப் பத்தியும் சொல்லுங்க. குளிர் நாட்டுல ஒரு நிமிஷ ரன்னுக்குள்ள டயர் சூடாகணும்னு கவலைப்படுவாங்க. இங்க மே மாசம் மத்தியானம் தார் மேல கை வைக்க முடியாது, லைன்ல நிக்கும்போதே டயர் வெந்து கெடக்கும். டயருக்குள்ள சூடு 10 டிகிரி ஏறினா காத்தழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். உயரமான சைட்வாலை அந்தச் சூட்டுல வளைச்சு ஓட்டினா ஸ்டீயரிங் கொழகொழன்னு இருக்கு.

சோழவரம்_சீனியர்:
கொழகொழன்னு இருந்தா காத்தைச் சரி பண்ணு, ரிம்மை மாத்தாத. டயர் தோள்ல குட்டி முக்கோணக் குறி இருக்கும் பாரு, அது மேல குறுக்க சாக்பீஸ் தடவு. ஒரு ரன் ஓட்டிட்டு இறங்கிப் பாரு. முக்கோணத்தைத் தாண்டி சைட்வால் வரைக்கும் சாக்பீஸ் அழிஞ்சிருந்தா காத்து கம்மி, முக்கோணத்துக்கு எட்டாமலே நின்னுருந்தா காத்து ஜாஸ்தி. ஒவ்வொரு ரன்னுக்கும் பாக்கணும். கம்பெனில வந்த, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடற ரன்ஃபிளாட் டயரையே இன்னும் கழட்டாம வச்சிருக்கியோ என்னவோ, அது கனத்துக்குக் கனம், கட்டைக்குக் கட்டை. அதைத் தூக்கிப் போடு, 205/50 ஆர்16 போடு.

மண்ரோடு_மணி:
மினி கூப்பர் ஸ்போர்ட்ஸ் காரே இல்லையே, ஹேட்ச்பேக் தானே?

அண்ணாநகர்_கூப்பர்:
மணி, நீங்க எந்தக் கார் வச்சிருக்கீங்க? படம் போடுங்க, அப்புறம் பேசலாம்.

கலிபோர்னியா_மாப்ள:
டயர் காம்பவுண்டை, அதாவது ரப்பர் கலவையைப் பத்தி யாராவது பேசுவீங்களா?

சோழவரம்_சீனியர்:
பேசலாம், மொதல்ல இது முடியட்டும். கூப்பர் தம்பி, உன் 17 ரிம்மைக் கழட்டி தராசுல வச்சு படம் போடு. பக்கத்துலயே 16 ரிம்மையும் வை.

அண்ணாநகர்_கூப்பர்:
ஞாயித்துக்கிழமை போடறேன். ஃப்ளோ ஃபார்ம் (வார்த்த அப்புறம் உருட்டி மெலிசாக்கின ரிம்) 17 வாங்கியிருக்கேன், உங்க வார்ப்பு 16ஐ விட லேசா தான் இருக்கும்.

சோழவரம்_சீனியர்:
அந்தக் காசுக்கு ஃப்ளோ ஃபார்ம்லயே 16 வாங்கியிருந்தா இன்னும் லேசா இருந்திருக்கும். 16 தான்.

அண்ணாநகர்_கூப்பர்:
17.