மாணவர்களோடு டெல்லியில் முதல் நாள்: ஆசிரியர்கள் பகிர்ந்தவை

டிக்கெட் போடும் முன் கிழமையைப் பாருங்கள். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. சனி இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லியில் இறங்குவது திங்கள் காலை. வார விடுமுறையைப் பயணத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று போடும் திட்டம் இங்கேதான் சறுக்கும். வேறு வழியே இல்லையென்றால் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, ஜந்தர் மந்தர் மூன்றும் திங்களன்றும் திறந்திருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் குடியரசுத் தலைவர் மாளிகை போல நேரம் குறித்து முன்பதிவு செய்யும் இடங்களை முதல் நாளில் வைக்கவே கூடாது.

புது டெல்லி நிலையத்துக்கு இரண்டு பக்கம் வாசல். ஒன்றாம் நடைமேடை பஹாட்கஞ்ச் பக்கம். மெட்ரோ இருப்பது எதிரே அஜ்மீரி கேட் பக்கம். தவறான பக்கம் வெளியே வந்தால் பெட்டிகளோடு மறுபடியும் மேம்பாலம் ஏற வேண்டும். தலை எண்ணுவதை நடைமேடையிலேயே முடித்துவிடுங்கள், வாசலில் வேண்டாம். அங்கே ஆட்டோக்காரர்களும் தரகர்களும் சூழ்ந்துகொள்வார்கள்.

*

சார் சொன்னதோடு மெட்ரோ பற்றியும் சேர்த்துக்கொள்கிறேன். நுழைவில் சோதனை வரிசை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாணவிகளோடு ஒரு டீச்சர் முதலில் உள்ளே போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் சோதனை முடித்த பிள்ளைகள் ஆளில்லாமல் நிற்பார்கள். சீட்டு வெளியேறும் வாயிலிலும் தேவை என்பதால் ஏறிய பிறகும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரே ஸ்மார்ட் கார்டில் இரண்டு பேர் போக முடியாது.

முதல் பெட்டி பெண்களுக்கானது. கலப்புக் குழு நடுப் பெட்டிகளுக்கு நேராக, மூன்று கதவுகளுக்குப் பிரிந்து, கதவுக்கு ஓர் ஆசிரியர் கடைசியாக ஏறும்படி நிற்கட்டும். யாராவது விடுபட்டால் அவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், ஏறியவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். இதை ரயிலுக்குள் சொல்லிப் பயனில்லை, முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

*

முதல் நாளுக்கு ஒரே இடம் போதும் என்றால் நான் ஜந்தர் மந்தரைத்தான் சொல்வேன். புது டெல்லியிலிருந்து மஞ்சள் தடத்தில் ராஜீவ் சௌக்குக்கு அடுத்த நிலையமான பட்டேல் சௌக்கில் இறங்கி நடந்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் கட்டிய வானியல் ஆய்வுக்கூடம் அது. பாதிக் குழுக்கள் படம் எடுத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுகின்றன, அதுதான் வருத்தம்.

அங்கே இருக்கும் பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர் வட துருவத்தை நோக்கி நிற்கிறது. அதன் சாய்கோணம் டெல்லியின் அட்சரேகையான சுமார் 28.6 பாகை. இதையே சென்னையில் கட்டினால் 13 பாகைதான் வரும். ஏன் என்று பிள்ளைகளையே சொல்ல விடுங்கள்.

நேரம் பார்க்கும்போதுதான் பலர் "பழசு, தப்பாகக் காட்டுகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். கருவி சரியாகத்தான் காட்டுகிறது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம். டெல்லி இருப்பது 77.2இல். வித்தியாசம் 5.3 பாகை, பாகைக்கு 4 நிமிடம் என்றால் கருவி நம் கடிகாரத்துக்குச் சுமார் 21 நிமிடம் பின்தங்கிக் காட்டும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சு சாய்ந்தது என்பதால் மாதத்துக்கு மாதம் இன்னொரு திருத்தமும் உண்டு. பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் கூட்டி 35 ஆகும், நவம்பர் தொடக்கத்தில் 16 குறைந்து 5 ஆகும். அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் 25 வாக்கில், அந்தத் திருத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம்.

அளவுக்கோடுகள் தெளிவாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். காலையில் நிழல் சுவருக்கு மேற்கே உள்ள வளைவில் விழும், பிற்பகலில் கிழக்கே உள்ள வளைவில். அது மாறும் கணம்தான் உண்மையான நண்பகல். டிசம்பர் கடைசியில் 12:15க்கே பிள்ளைகளை நிறுத்திவைத்தால் 12:21 வாக்கில் கண்ணெதிரே பார்ப்பார்கள். பனியோ புகைமூட்டமோ இருந்தால் நிழலே தெளியாது. அன்று கோணத்தை மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

*

பிற்பகல் தேசிய அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு ஒன்று. மொகஞ்சதாரோ நடன மங்கை பாடநூல் படத்தில் பெரிதாகத் தெரியும்; உண்மையில் சுமார் 10.5 செ.மீ.தான். அளவுகோலில் காட்டிவிட்டு அழைத்துப் போங்கள். நாற்பது பேர் ஒரே கண்ணாடிப் பெட்டியைச் சூழ்ந்தால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பத்துப் பத்துப் பேராக அனுப்பி, மற்றவர்களைச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பக்கம் நிறுத்துங்கள்.