சவரச் சோப்பு: நுரையும் வேண்டும், நெடுநாளும் வரவேண்டும்

காரைக்குடிவாசி:
நாள்தோறும் சவரம் செய்யும் எனக்கு டியூப் கிரீம் விரைவில் தீர்ந்துவிடுவதால், கிண்ணத்தில் வைத்துப் பிரஷ்ஷால் குழைக்கும் கட்டிச் சோப்புக்கு மாற எண்ணுகிறேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் வருவதோ உப்புத் தண்ணீர். எதைப் பார்த்து வாங்குவது?

தேவகோட்டையார்:
உறையிலுள்ள சேர்மானங்களைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலம் முன்னிடத்தில் இருந்தால் நுரை கெட்டியாக நிற்கும். அதனுடன் சேரும் காரங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு எளிதில் நுரைக்க வைக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு கட்டியை இறுக்கி நெடுநாள் உழைக்க வைக்கும் என்பதால், இரண்டும் கலந்ததே நல்லது. மும்முறை அரைத்து அழுத்திய கட்டியில் ஈரம் குறைவு, மெதுவாகவே கரையும். விலையைக் கிராமால் வகுத்து ஒப்பிடுங்கள், மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

கானாடுகாத்தான்காரர்:
சோப்பைக் குறை கூறுமுன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். உங்கள் உப்புத் தண்ணீர் போன்ற கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிவதால் ஒரு பங்கு நுரைக்காமலே வீணாகிறது. நம் ஊர்ப்பக்க வீடுகளில் முற்றத்தில் விழும் மழைநீரை அண்டாவில் பிடித்து வைப்பார்களே, அதில் ஒரு குவளை போதும். என் தந்தையார் அதைத்தான் சவரத்துக்கென்று தனியே எடுத்து வைப்பார்.

காரைக்குடிவாசி:
மிக்க நன்றி. கிண்ணத்தை மூடி வைக்கலாமா?

தேவகோட்டையார்:
வேண்டாம், கட்டி குழைந்துவிடும். நீரை வடித்துவிட்டுக் காற்றில் உலர விடுங்கள்.