பதில்: நுகர்வைக் கிண்டலடிக்கும் தெருக்கலை அச்சுகளுக்கு ஒரு சொல்

> 'எதிர்விளம்பரம்' போதுமே. எல்லோருக்கும் புரியும்.

ஐயா, இந்த அச்சுப்படங்களுக்குத் தமிழில் அந்தப் பெயரை வைத்தால் புரிவது வேறொன்றாகிவிடும். புகைபிடிக்காதீர் என்று அரசு போடுவதும் எதிர்விளம்பரம்தான். முகம் காட்டாத பிரிட்டன் தெருக்கலைஞர் பேங்க்ஸி 2006இல் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியை ஒட்டி வெளியிட்ட அச்சுகளைப் பாருங்கள். ஒன்றில் ஆதிமனிதர் மூவர் ஆயுதங்களோடு புல்வெளியில் பதுங்கி நெருங்குகிறார்கள். எதிரே நிற்பவை சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிகள். இன்னொன்று பழைய சமய ஓவியம் போலவே இருக்கிறது. பெண்கள் அழுது தொழுகிறார்கள், 'தள்ளுபடி இன்றோடு முடிகிறது' என்ற பலகையின் முன்னால். எனக்குப் பிடித்தது மூன்றாவது: 'முதலாளித்துவத்தை ஒழி' என்று எழுதிய டி-ஷர்ட்டை வாங்க இளைஞர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். இவற்றில் கண்டன வாசகம் எங்கே இருக்கிறது? படம் சும்மா இருக்கிறது, நமக்குத்தான் சுருக்கென்கிறது.

தொல்காப்பியர் அங்கதத்தை, அதாவது வசையும் கிண்டலும் கலந்த பேச்சை, செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பிரிக்கிறார். நேராக வைவது முதல் வகை. வசையை மறைத்துச் சொல்வது பழிகரப்பு. இவை அச்சு அசலாக இரண்டாம் வகை. ஆகவே என் பரிந்துரை 'பழிகரப்பு அச்சு'.

---

> பழிகரப்பு அச்சு

அருமையான சொல்தான், ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். அதே தொகுப்பில் ஏலக்கூடக் காட்சி ஒன்று உண்டே! ஏலத்துக்கு வந்த சட்டத்துக்குள் ஓவியமே இல்லை. இதைப் போய் வாங்குகிறீர்களே முட்டாள்களே என்ற வசைதான் இருக்கிறது. இது செம்பொருளேதான். (தவிர, 'கரப்பு' என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிதான் ஞாபகம் வரும்.)

இரண்டு வகைக்கும் பொதுவாக 'அங்கதத் திரையச்சு' என்போம். கல்யாணப் பத்திரிகைக்கும் துணிப்பைக்கும் போடுகிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் இது: சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியே ரப்பர் பட்டையால் மையைத் தள்ளுவார்கள், வண்ணத்துக்கு ஒரு சட்டம்.

2015இல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது பிராண்டலிசம் என்ற விளம்பர எதிர்ப்புக் கலைக் குழுவினர் பேருந்து நிறுத்த விளம்பரப் பெட்டிகளில் சுமார் 600 போலி விளம்பரங்களைச் செருகினார்கள். அது விற்பதற்கல்ல, விளம்பரத்தையே கவிழ்ப்பதற்கு. அதைத் தனியாக 'கவிழ்விளம்பரம்' எனலாம்.

---

கவிழ்விளம்பரம் பிரமாதம். அங்கதத் திரையச்சுக்கும் சம்மதம். இரண்டையும் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுகிறேன். அப்புறம், அச்சின் ஓரத்தில் பென்சிலால் 12/150 (150 பிரதிகளில் 12ஆவது) என்று குறிப்பார்களே, அதற்கு 'வரம்புப் பதிப்பு' என்று யாரோ முன்பு போட்டிருக்கிறார்கள். 'எண்ணிட்ட பதிப்பு' என்று மாற்றலாமா?