மலங்கா அக்ராவுக்கு மைதா தேவையா?

கிழங்குப்பித்தன்:
அரை கிலோ மலங்காவுக்கு (சேப்பங்கிழங்குக்குச் சொந்தமான கரீபியன் கிழங்கு) முக்கால் கப் மைதா, ஒரு முட்டை, எல்லாத்தையும் மிக்ஸியில் அடிக்கணும்னு இங்கே ஒரு செய்முறை போட்டிருக்காங்க. அது மைதா போண்டாதான். ஹைட்டியில் தெருவோரம் பொரிக்கிற அக்ராவுக்கு, அதாவது துருவின கிழங்கில் பொரிக்கிற பலகாரத்துக்கு, கிழங்கில் இருக்கிற மாவே போதும். பச்சை மலங்காவைத் துருவியின் முள்ளுப் பக்கத்தில் தேய்த்தாலே இழுவையும் மாச்சத்தும் சேர்ந்து தானாப் பிடிச்சுக்கும்.

சுமதி_கே:
பிடிக்காதுங்க. கிழங்குக்குக் கிழங்கு ஈரம் மாறும். தண்ணிக் கிழங்கு மாட்டினா எண்ணெயில் போட்டதும் பிரிஞ்சு கரியும். ரெண்டு மேசைக்கரண்டி மைதா போட்டா அந்தப் பயம் இல்லை. முக்கால் கப் அதிகம்தான், ஒத்துக்கிறேன்.

கிழங்குப்பித்தன்:
தண்ணிக் கிழங்குக்கு வழி இருக்கு. துருவலை வலைச் சல்லடையில் பத்து நிமிஷம் வையுங்க, பிழியாதீங்க. கீழே வடிஞ்ச தண்ணியை அப்படியே விட்டா அடியில் வெள்ளை மாவு படியும். மேல் தண்ணியைக் கொட்டிட்டு அந்த மாவைத் திரும்பச் சேருங்க. மைதா செய்யற வேலையை அதுவே செய்யும், கிழங்கின் மண்வாசமும் அமுங்காது.
மிக்ஸியில் சிக்கலே வேற. பிளேடு சுத்தத் தண்ணி ஊத்துவீங்க, அப்புறம் அதைக் கெட்டியாக்க மைதா தேடுவீங்க.

எண்ணெய்ச்சட்டி:
மசாலாவை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. நாலு பல் பூண்டு, ரெண்டு வெங்காயத்தாள், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, கொஞ்சம் தைம், விதை எடுத்த அரை பிமான் பூக் மிளகாய் (ரொம்பக் காரமான ஹைட்டி மிளகாய், ஸ்காட்ச் பானெட்டும் சரி). உரலில் இடிச்சுச் சேர்க்கணும். ஒரு டீஸ்பூன் உப்பைப் பொரிக்கப் போகும்போதுதான் போடணும், முன்னாடியே போட்டா மாவு நீர் விடும்.

சுமதி_கே:
சமையல் சோடா கால் டீஸ்பூன் போடலாமா? மைதா இல்லாம உள்ளே கல்லு மாதிரி ஆகாதா?

கிழங்குப்பித்தன்:
போடலாம், ஆனா அதோட எலுமிச்சை பிழியக் கூடாது. கிண்ணத்திலேயே பொங்கி அடங்கிடும், எண்ணெயில் உப்பாது. உள்ளே இறுகறதுக்குக் காரணம் பருமன். விரல் நீளம், ஒரு செ.மீ. தடிமனுக்கு மேல் வேண்டாம். தட்டையான கரண்டியில் பரப்பி, கத்தியால் கீற்றுக் கீற்றாத் தள்ளுங்க.

எண்ணெய்ச்சட்டி:
அதோட எண்ணெய்ச் சூடு 175 டிகிரி செல்சியஸ். 190 போனா வெளியே சிவந்து நடுவில் பச்சையா நிக்கும், தொண்டை காறும். 150-க்கு இறங்கினா எண்ணெய் குடிக்கும். நாலஞ்சு நிமிஷம், நடுவில் ஒரு தடவை திருப்பணும். சட்டியை நிரப்பாதீங்க.

சுமதி_கே:
சல்லடை முறை சரியாத்தான் படுது. ஆனா மலங்கா கிடைக்காம சேப்பங்கிழங்கில் செய்யறவங்களுக்கு மைதா வேணும்னுதான் இன்னும் சொல்வேன். அதில் கொழகொழப்பு அதிகம்.

கிழங்குப்பித்தன்:
சேப்பங்கிழங்குன்னா ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு போடுங்க, மொறுமொறுப்பு நிக்கும். கையுறை போட்டுத் துருவுங்க, அரிக்கும். தொட்டுக்க பிக்லீஸ்: முட்டைகோஸ், கேரட், அதே மிளகாய், வினிகர். அதை முந்தின நாளே ஊறப் போட்டிடணும்.